இரும்புக் கடைக்குப் போகாத கார்

பேலியகொடையில் நான் வேலை செய்யும் கராஜில் வாகனங்களின் உட்பக்க வேலைகள் என் பொறுப்பு. இருக்கை தைப்பது, கதவின் உட்பலகைக்கு றெக்சின் போடுவது, கூரைத் துணி மாற்றுவது, கம்பளம் வெட்டுவது எல்லாம் அதில் அடங்கும். அங்கே இந்த வேலையைச் செய்யும் ஒரே பெண் நான்தான். இதை எப்படிப் பழகினீர்கள், இதில் சீவிக்க முடியுமா என்று பல சகோதரிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 காரை மீண்டும் ஓட வைத்த கதையைச் சொன்னால் அதற்குள் வேலையும் வந்துவிடும், கணக்கும் வந்துவிடும், பத்திரங்களுக்காக அலைந்த அலைச்சலும் வந்துவிடும். ஆகவே அதையே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஏ40

ஒஸ்ரின் ஏ40 இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் உள்ள லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்ட கார். 1947 இல் 'டெவன்' என்ற பெயரோடு வந்தது. அதற்குப் பிறகு 1952 முதல் 1954 வரை 'சோமர்செற்' என்ற உருண்டை முதுகுக் கார் வந்தது. எங்களுடையது சோமர்செற். நான்கு சிலிண்டர், 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின். கியர் தடி ஸ்ரியரிங்கின் பக்கத்தில் இருக்கும். திரும்பும்போது இரண்டு கதவுகளுக்கும் நடுவில் உள்ள தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீண்டு வழி காட்டும். இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள். சின்ன வயதில் அந்தக் கை நீளுவதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் தெரு முனையில் காத்துக்கொண்டு நிற்போம்.

யாழ்ப்பாணத்தில் ஏ40 பணக்காரரின் கார் அல்ல. அது வாடகைக் கார். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும், கலியாண மாப்பிள்ளையைக் கூட்டிவருவதற்கும், செத்தவீட்டுக்கு இனத்தவரை ஏற்றிவருவதற்கும் அதுதான் வரும். அப்பா 1970களில் மூன்றாம் கையாக வாங்கி, அதை ஓட்டி எங்கள் நான்கு பேரையும் படிப்பித்தார்.

1990 ஆனியில் மீண்டும் போர் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, ஸ்பார்க் பிளக் எதுவும் ஒழுங்காக வரவில்லை. அப்போதுதான் இந்தப் பழைய கார்களின் அருமை தெரிந்தது. சிறிய போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்கு விட்டு எஞ்சினைத் தொடக்குவார்கள். எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். புகை தெரு முழுக்கப் பரவும். வாசத்தை வைத்தே அப்பா வருகிறார் என்று அம்மா தேநீர் வைத்துவிடுவா.

புதிய கார்களால் இதைச் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. பழைய எஞ்சின்கள் எரிபொருட் கலவையை அதிகம் அழுத்துவதில்லை. ஏ40 இல் அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அழுத்தம் குறைவாக இருப்பதால் மண்ணெண்ணெய் போன்ற மட்டமான எரிபொருளையும் அது தாங்கிக்கொள்ளும். கூடிய அழுத்தமுள்ள எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரந்தவறி வெடித்து 'டொக் டொக்' என்று பிஸ்ரனை அடிக்கும். ஆனால் பழைய எஞ்சினும் அதற்கு ஒரு விலை கொடுத்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகிவிடும். அப்படி ஐந்து வருடம் ஓடிய எஞ்சினுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை 2019 இல்தான் கண்ணால் கண்டேன்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அன்றிரவு மழை. அப்பம்மாவையும் நிறைமாதமாயிருந்த பக்கத்து வீட்டு அக்காவையும் காருக்குள் இருத்திவிட்டு, நாங்கள் காரைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கியதால் நடக்கிறவரிலும் பார்க்கக் கார் மெதுவாகத்தான் போனது. தென்மராட்சிக்குள் போய், பிறகு கரவெட்டியில் மாமா வீட்டில் தங்கினோம். கார் அங்கே ஒரு ஓலைக் கொட்டிலுக்குள் நின்றது. 1996 இல் நாங்கள் திரும்பிப் போனபோது அது தொடங்கவில்லை. அப்பா 2003 இல் காலமானார். கார் அங்கேயே நின்றுவிட்டது.

விற்பதா, திருத்துவதா?

நான் 1997 இல் கொழும்புக்கு வந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்திருந்தோம். கணவர் பேலியகொடையில் ஒரு கராஜில் மெக்கானிக். 2007 இல் ஒரு நாள் காலை வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் அப்போது எட்டும் ஐந்தும். என்னிடம் காலால் மிதிக்கும் சிங்கர் மெசின் ஒன்று இருந்தது. சட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

கணவரின் முதலாளி ஒரு வயதான சிங்களவர். எல்லோரும் அவரைப் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டுக்கு வந்து, "நங்கி, வான் சீற் உறை தைப்பாயா?" என்று கேட்டு, வெட்டிய துணியைத் தந்துவிட்டுப் போனார். அதிலிருந்துதான் தொடங்கியது. இரண்டு வருடத்தில் வீட்டில் தைப்பதை விட்டுக் கராஜுக்கே போகத் தொடங்கினேன்.

2019 இல் மாமா வீட்டார் கொட்டில் நின்ற இடத்தில் வீடு கட்டப் போவதாகச் சொன்னார்கள். பழைய இரும்பு வாங்கும் வியாபாரி வந்து காருக்கு விலை பேசிவிட்டுப் போனான். "வித்துப்போட்டு அலுவலைப் பார் பிள்ளை, கொப்பரே போயிட்டார், பிறகென்ன கார்" என்று அம்மா சொன்னா. வெளிநாட்டில் இருக்கும் தம்பியும் விற்கும்படிதான் சொன்னான். இரும்புக்காரன் கிலோக் கணக்கில்தான் விலை சொல்லியிருந்தான்.

நான் பாஸிடம் படங்களைக் காட்டினேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். பழைய வாகனம் வைத்திருக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. அடிச்சட்டம் எப்படி இருக்கிறது? ஏ40 இல் உடல் வேறு, சட்டம் வேறு. உடலின் தகரம் உக்கியிருந்தால் வெட்டி ஒட்டலாம். சட்டம் உக்கியிருந்தால் செலவு கைமீறிப் போகும்.

2. எஞ்சின் கட்டை வெடித்திருக்கிறதா? இறுகிய எஞ்சினை இளக்கலாம். வெடித்த கட்டையைக் காப்பாற்றுவது கடினம்.

3. பதிவுப் புத்தகம் இருக்கிறதா? புத்தகம் இல்லாத கார் வெறும் இரும்புதான்.

கரவெட்டியின் மணல் நிலமும் உயர்ந்த கொட்டிலும் சட்டத்தைக் காப்பாற்றியிருந்தன. புத்தகம் அப்பாவின் தகரப் பெட்டிக்குள் பொலித்தீனில் சுற்றியபடி இருந்தது. கட்டையைப் பற்றிக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றார் பாஸ். இரண்டு காப்புகளை அடகு வைத்து, சீட்டுக் காசையும் சேர்த்து, லொறியில் ஏற்றிக் காரைப் பேலியகொடைக்குக் கொண்டுவந்தேன். கூலிக்குக் காசு இல்லை. ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்தோம். எஞ்சின் வேலையைக் கராஜ் செய்யும். அதற்குப் பதிலாகக் கராஜுக்கு வரும் மற்ற வாகனங்களின் இருக்கைகளை நான் மேலதிக நேரத்தில் தைத்துக் கொடுப்பேன். ஒரு கொப்பியில் இருவரும் எழுதிக் கையொப்பமிட்டோம். நம்பிக்கை இருந்தாலும் கொப்பி வேண்டும் சகோதரிகளே.

எஞ்சினுக்குள் என்ன இருந்தது?

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. அப்படியான எஞ்சினை பற்றரி கொடுத்துச் சுற்றப் பார்க்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரத்துக்கு மேல் விட்டார்கள். பிறகு முன்னால் உள்ள கைப்பிடியைப் போட்டு மெல்ல மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார்கள். பத்தாவது நாள் அது அரைச் சுற்றுச் சுற்றியது.

தலையைக் கழற்றியபோது உள்ளே கரி அடைபட்டிருந்தது. வால்வுகளின் வாயெல்லாம் கறுப்பு. ஒயில் தட்டில் மண்ணெண்ணெய் மணம் இன்னும் இருந்தது. கட்டை வெடித்திருக்கவில்லை. ஆனால் சிலிண்டர்ச் சுவர்கள் தேய்ந்து, மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தன. இப்படியான சிலிண்டரைக் கடைந்து சிறிது பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்ரனும் றிங்குகளும் போட வேண்டும். கிராங் தண்டையும் அரைத்துப் பட்டைகள் மாற்ற வேண்டும். தலையைச் சமமாகத் தீட்ட வேண்டும். வால்வுகளைப் பசை போட்டுக் கையால் உருட்டி அரைத்து இருக்கையோடு பொருந்த வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குப் பலம் தேவையில்லை. பொறுமைதான் தேவை. எட்டு வால்வுகளில் நான்கை நானே அரைத்தேன்.

வால்வு பற்றி இன்னொரு விடயம். பழைய காலத்துப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. ஆனால் அதே ஈயம் புகையாக வந்து சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. அதனால் இப்போது பழைய எஞ்சினைத் திருத்தும்போது புகை வெளியேறும் பக்கத்து வால்வுகளுக்குக் கடினமான இரும்பில் புதிய இருக்கை வளையங்கள் பதிப்பார்கள். எங்கள் காருக்கும் பதித்தோம்.

உதிரிப்பாகங்களுக்கு மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைக்குப் போவோம். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும். 2020 பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வாகனங்களின் மதிப்பும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறின. 2020 ஒக்ரோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாத் தொற்று பரவி, அந்தப் பகுதியே அடைபட்டது. கராஜும் மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் நான் வீட்டில் இருந்து கதவுப் பலகைகளைச் செய்தேன்.

இலங்கையில் பழைய கார்களைப் பேணும் கைத்திறன் இன்று நேற்று வந்ததல்ல. மொரிஸ் மைனர் கார்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1948 இல் அறிமுகமாகி, மொத்தமாகப் பதினாறு இலட்சத்துக்கும் மேல் விற்ற கார் அது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், அந்தக் காருக்கான பாகங்களை இலங்கையில் செய்விக்க இங்குள்ள ஒருவரோடு சேர்ந்து தொழிற்சாலை அமைத்தார். அந்தக் காரைச் செய்த நாட்டுக்கே இங்குள்ள தொழிலாளர் பாகங்கள் செய்து அனுப்பினார்கள்.

2021 பங்குனியில் எங்கள் எஞ்சின் முதன்முதலில் தொடங்கியது. இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்படும். இன்றைய கார்களில் எதிர்முனை. இதைத் தெரியாமல் மாறி இணைத்தால் டைனமோ கெட்டுவிடும். இணைப்பை நான் படமெடுத்துக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உட்பக்கம்: என் வேலை

இருக்கைகளில் எலி குடியிருந்தது. ஸ்பிரிங்குகள் துருவேறி, தும்பு தூளாகி, மேலுறை பாளம் பாளமாக வெடித்திருந்தது. இதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பிய்த்து எறிய மனம் வரும். எறியக் கூடாது. கிழிந்த உறைதான் நமக்கு அளவு. அதைத் தையல் வழியே கவனமாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று சோக்கால் எழுதி, காகிதத்தில் வெட்டி வைத்தேன். சட்டையைப் பிரித்து அளவெடுக்கத் தெரிந்த எவருக்கும் இது வரும்.

ஸ்பிரிங்குகளைக் கம்பித் தூரிகையால் துருப்போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சுப் பூசினோம். அதற்கு மேல் தடித்த சாக்கு. சாக்கு இல்லாவிட்டால் ஸ்பிரிங் தும்பைத் தின்றுவிடும். சாக்குக்கு மேல் தும்பு, அதற்கு மேல் மெல்லிய ஸ்பொஞ், பிறகு பருத்திப் பஞ்சு, கடைசியாக உறை. முழுவதும் ஸ்பொஞ் போட்டால் வேலை சுலபம். ஆனால் எங்கள் வெயிலில் சில வருடங்களில் அது பொடியாகிவிடும், உட்காருபவருக்கும் வேர்க்கும். தும்பு மூச்சு விடும். இறப்பர்ப் பால் தெளித்த தும்பை ஐரோப்பியக் கார்த் தொழிற்சாலைகளே நெடுங்காலம் இருக்கைக்குப் பயன்படுத்தின. கரையோரக் கிராமங்களில் எங்கள் பெண்கள் கையால் அடித்த அதே தும்புதான்.

மேலுறையில் நேர்வரிசையாகப் புடைத்த கோடுகள் இருக்கும். மேல் றெக்சினையும் அடித் துணியையும் சேர்த்து ஒரே இடைவெளியில் தைத்து, இடையில் பஞ்சைச் செலுத்தினால் அந்தப் புடைப்பு வரும். ஓரத்தில் கயிறு வைத்துச் சுருட்டித் தைப்பதைப் பைப்பிங் என்போம். இருக்கையின் அழகு பைப்பிங்கில்தான் இருக்கிறது. அது வளைந்து நெளிந்தால் எவ்வளவு நல்ல றெக்சின் போட்டும் பயனில்லை.

வீட்டு மெசினில் பழகியவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சட்டைக்குப் போடும் ஊசி இதற்கு உதவாது. 18 ஆம் இலக்க ஊசி வேண்டும். பருத்தி நூல் வெயிலிலும் வேர்வையிலும் உக்கும்; நைலோன் நூல் வேண்டும். சட்டைக்கு நெருக்கமாகத் தைப்பதுதான் நல்ல தையல். றெக்சினில் நெருக்கமாகத் தைத்தால் முத்திரையின் ஓரம்போல ஓட்டை விழுந்து அந்த வழியே கிழிந்துவிடும். ஒரு தையல் நான்கு மில்லிமீற்றராவது நீளமாக இருக்கட்டும். குண்டூசி குத்தினால் ஓட்டை மறையாது. துணிக் கிளிப்புப் போடுங்கள். நான்கு மடிப்பு சேரும் மூலையில் வீட்டு மெசின் திணறும். அதற்குப் பாதமும் சேர்ந்து துணியை நகர்த்தும் பாரமான தொழில் மெசின் தேவை. கராஜில் அது இருந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது கூரைத் துணி. வளைந்த கம்பிகள் வரிசையாகத் துணியின் முதுகில் உள்ள உறைகளுக்குள் போகும். நடுவில் தொடங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் சிறிது சிறிதாக இழுத்து, கடைசியில்தான் பக்கங்களை ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கத்தை முதலில் ஒட்டினால் சுருக்கம் போகாது. ஒட்டிய பிறகு காரை நல்ல வெயிலில் விட்டால் சின்னச் சுருக்கங்கள் தானாக இழுபட்டுவிடும்.

கம்பளத்தை எடுத்தபோது பின் இருக்கைக்குக் கீழே ஒரு சிறுபிள்ளையின் வெள்ளிக் காப்பும், 1990களின் மண்ணெண்ணெய்க் கூப்பன் ஒன்றும் கிடந்தன. காப்பு யாருடையதென்று தெரியவில்லை. அந்த இரவு காருக்குள் வந்த அக்காவின் பிள்ளை அதன் பிறகுதான் பிறந்தது. அதற்கு முன்னர் எத்தனையோ பேரின் பிள்ளைகள் அந்த இருக்கையில் இருந்து போயிருக்கிறார்கள். அம்மா அதைக் கழுவித் துடைத்துச் சாமியறையில் வைத்திருக்கிறா.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய பிறேக் பட்டைகளிலும் கஸ்கற்றுகளிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரக்கூடும். தூசை வாயாலோ காற்றாலோ ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி வீச வேண்டும். பசை பூசும்போது யன்னலைத் திறந்து வையுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையை மற்றவரிடம் விடுங்கள்.

தையல் சிறு வேலையா?

கராஜில் சேர்ந்த புதிதில், மெக்கானிக்குக்கு ஒரு கூலி, தைக்கிறவளுக்கு அதில் பாதிதான் என்று ஒரு வழக்கம் இருந்தது. தைப்பது பெண்கள் வீட்டில் செய்வதுதானே என்பது அவர்களின் எண்ணம். இந்த எண்ணம் எங்கள் ஊரில் மட்டும் இருந்ததல்ல.

இங்கிலாந்தின் டகன்ஹாமில் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை இருந்தது. அங்கே கார் இருக்கைகளின் உறைகளைத் தைத்தவர்கள் பெண்கள். வேலைக்குச் சேரும்போது அவர்கள் தையல் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆனாலும் நிர்வாகம் அவர்களைத் திறன் குறைந்த வேலையாளர் என்று வகுத்திருந்தது. சம்பளம் அதே வகுப்பில் இருந்த ஆண்களின் சம்பளத்தில் 85 சதவீதம். 1968 ஆனி 7 ஆம் திகதி 187 தையற்பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். இருக்கை இல்லாமல் கார் விற்க முடியாது. தொழிற்சாலை நின்றது. மூன்று வாரங்களின் பின் அமைச்சர் பார்பரா காசில் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். சம்பளம் ஆண்களுடையதில் 92 சதவீதமாக உயர்ந்தது. இந்தப் போராட்டம் 1970 இல் பிரித்தானியாவில் சம சம்பளச் சட்டம் வருவதற்கு வழி திறந்தது. ஆனால் அவர்களின் வேலை திறனுள்ள வேலை என்று ஏற்கப்படுவதற்கு 1984 வரை, இன்னொரு வேலைநிறுத்தம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் வேலைநிறுத்தம் செய்யவில்லை. தனியொருத்தி நிறுத்தி என்ன செய்ய? ஒரு மாதம் முழுவதும், எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம், வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்கினார்கள், எனக்கு எவ்வளவு தந்தார்கள் என்று எழுதிப் பாஸின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். அடுத்த மாதம் முதல் இருக்கை வேலைக்குத் தனி விலையும் அதில் எனக்குப் பங்கும் வந்தது.

புத்தகம் யார் பெயரில்?

கார் தயாராகியும் தெருவில் ஓட்ட முடியவில்லை. பதிவு அப்பாவின் பெயரில் இருந்தது. இறந்தவரின் பெயரிலுள்ள வாகனத்தை விற்கவோ, வாடகைக்கு விடவோ, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கவோ போனால் ஒவ்வொரு படியிலும் கேள்வி வரும். அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், எங்கள் நால்வரின் பிறப்புச் சான்றிதழ், உரிமை கோரவில்லை என்ற சகோதரர்களின் சத்தியக் கடதாசி எல்லாம் தேவைப்பட்டன. இடப்பெயர்வில் தொலைந்த சான்றிதழ்களின் பிரதிகளை எடுக்கவே மாதக் கணக்காயிற்று. சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஒரு சட்டத்தரணி எங்களுக்கு வழி சொன்னார். குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அங்கே பணம் கொடுக்காமல் உதவி பெறலாம். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆணைக்குழு அது. வடக்கு, கிழக்கு மாவட்டங்களிலும் அலுவலகங்கள் உண்டு. ஓராண்டுக்கு மேல் அலைந்து, கார் இப்போது அம்மாவின் பெயரில் இருக்கிறது.

காணாமற்போனவரின் பெயரில் வாகனமோ காணியோ வங்கிக் கணக்கோ உள்ள சகோதரிகளின் நிலை இதிலும் சிக்கலானது. எனக்கும் அது தெரியும். என் கணவரின் மோட்டார் சைக்கிள் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க என் மனம் ஒப்பவில்லை. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போயுள்ளார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், அவரது சொத்தைப் பராமரிப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்யவும் அது பயன்படும். அதை எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அவரவர் தீர்மானம். எவரும் உங்களை அவசரப்படுத்த இடம் கொடாதீர்கள். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதை அறிந்து, சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

வீட்டில் ஒரு பழைய வாகனம் நின்றால் இன்றைக்கே அதன் அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு, இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அதைப் பதிவுசெய்ய வேண்டும்.

காசு வருகிறதா?

வருகிறது, ஆனால் அளவாக. கொழும்பில் கலியாணங்களுக்குப் பழைய கார் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முகூர்த்த மாதங்களில் எங்கள் ஏ40 ஓடுகிறது. என் மகன் ஓட்டுகிறான். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது மாதக் கணக்கில் ஒரு ஓட்டமும் இல்லை. 2025 மாசியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும் வரிகளால் புதிய வாகனம் எட்டாத விலையில்தான் நிற்கிறது. அதனால் இருக்கிற வாகனத்தைத் திருத்தி வைத்திருப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். காரின் வருமானம் அம்மாவின் மருந்துக்கும் காரின் பராமரிப்புக்கும் போகிறது. அடகு வைத்த காப்புகளில் ஒன்று திரும்பிவிட்டது. மற்றதும் திரும்பும்.

அடுப்பு எரிவது தையலில்தான். ஆகவே பழைய கார் வேண்டும் என்று எவரும் தேடிப் போக வேண்டாம். ஓட்டோ இருக்கை, வான் இருக்கை, மோட்டார் சைக்கிள் இருக்கை, கடைக் கதிரை, ஆஸ்பத்திரிக் கட்டில் மெத்தை எல்லாம் ஒரே தொழில்தான். ஒவ்வொரு ஊரிலும் இருக்கை கிழிந்த ஓட்டோ இருக்கிறது. ஓட்டோவின் ஒரு முழு இருக்கையை இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளில் முடிக்கலாம்.

தொடங்க விரும்புபவர்கள் முதலில் ஒரு கிழிந்த மோட்டார் சைக்கிள் இருக்கையை வாங்கி, பிரித்துத் தைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வேலை தெரிந்து, சான்றிதழ் இல்லாதவர்கள் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பற்றித் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். வகுப்புக்குப் போகாமலே, செய்து காட்டி, முன்பு பழகிய திறனுக்குச் சான்று பெறும் வழி அதில் இருக்கிறது. எஞ்சின் வேலை பழக விரும்பும் பெண்பிள்ளைகள் இருந்தால், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பப் பயிற்சி உண்டு. என் மகள் தையல் பக்கம் வரவில்லை. எஞ்சின்தான் வேண்டும் என்கிறாள். "அது உனக்கு ஏன்" என்று அம்மா கேட்டபோது, "அம்மப்பாவின்ர காரை இனி ஆர் பாக்கிறது" என்று திருப்பிக் கேட்டாள். அம்மாவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.